கல்யாணப் பரிசு (1959 திரைப்படம்)

கல்யாணப் பரிசு 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படம் ஆகும். கதை, திரைக்கதை, வசனம் எழுதி இதை இயக்கியவர் சி. வி. ஸ்ரீதர். அவர் இயக்கிய முதல் படம் இதுவே. வீனஸ் பிக்சர்ஸ் தயாரித்த இப்படத்தில் ஜெமினி கணேசன், பி. சரோஜாதேவி, சி. ஆர். விஜயகுமாரி, ஏ. நாகேஸ்வரராவ், கே. ஏ. தங்கவேலு, எம். சரோஜா ஆகியோர் நடித்தனர். இசையமைத்தவர் ஏ. எம். ராஜா. பாடல்களை இயற்றியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

அக்காளும் தங்கையும் ஒரே இளைஞனை விரும்புவதும், அக்காளின் நலனுக்காகத் தங்கை தன் காதலை விட்டுக்கொடுப்பதும் இப்படத்தின் கதை. தமிழில் முக்கோணக் காதல் கதைகளுக்கு ஒரு முன்மாதிரியாக இது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. சோகமான முடிவைக் கொண்டிருந்தும் வெள்ளி விழாக் கண்ட இப்படம் தெலுங்கிலும் இந்தியிலும் மீண்டும் எடுக்கப்பட்டது.

இயக்குநரும் செங்கல்பட்டும்

ஸ்ரீதர் 1933ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூரில் பிறந்தவர். அவ்வூர் அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானபோது பழைய பெயருக்கே திரும்பியது. இன்று தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நிறைந்த மறைமலைநகர் அன்று உருவாகியிருக்கவில்லை. சென்னைக்குத் தெற்கே, சுற்றுவட்டக் கிராமங்களின் பிள்ளைகளுக்குப் படிப்புக்கும் நாடகத்துக்கும் ரயிலுக்கும் செங்கல்பட்டே பெரிய ஊர்.

செங்கல்பட்டில் பள்ளியில் படித்த காலத்திலேயே ஸ்ரீதருக்கு நாடகம் எழுதும் பழக்கம் ஏற்பட்டது. அங்கே அவருக்கு நண்பராக வாய்த்தவர் சடகோபன். பின்னாளில் 'சித்ராலயா' கோபு என்ற பெயரில் நகைச்சுவை எழுத்தாளராகப் புகழ்பெற்றவர் இவர்தான். உருக்கமான காட்சிகள் ஸ்ரீதருக்கும், சிரிக்கவைக்கும் காட்சிகள் கோபுவுக்கும் இயல்பாகக் கைவந்தன. பள்ளி நாடகத்தில் தொடங்கிய இந்தப் பங்கீடு கல்யாணப் பரிசு படத்திலும், அதன் பின் வந்த பல படங்களிலும் தொடர்ந்தது.

ஸ்ரீதர் எழுதிய 'ரத்தபாசம்' நாடகத்தை டி. கே. எஸ். சகோதரர்கள் மேடையேற்றினர். 1954இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதே ஆண்டு 'எதிர்பாராதது' படத்துக்கும், 1956இல் 'அமரதீபம்' படத்துக்கும், 1958இல் 'உத்தம புத்திரன்' படத்துக்கும் அவர் எழுதினார். இவற்றில் பின்னைய இரண்டும் வீனஸ் பிக்சர்ஸின் படங்கள். எஸ். கிருஷ்ணமூர்த்தி, டி. கோவிந்தராஜன் ஆகியோருடன் ஸ்ரீதரும் அந்நிறுவனத்தின் பங்குதாரராக இருந்தார். ஆகவே, இயக்குநராகும் வாய்ப்பு அவருக்கு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. கல்யாணப் பரிசு வெளிவந்தபோது அவருக்கு வயது 25.

கதைச் சுருக்கம்

தந்தை இல்லாத குடும்பம். மூத்தவள் கீதா உழைத்துச் சம்பாதித்துத் தாயையும் தங்கை வசந்தியையும் காப்பாற்றுகிறாள். தங்கையின் படிப்பு முடியும்வரை தன் திருமணத்தைப் பற்றி நினைப்பதில்லை என்பது அவளுடைய தீர்மானம்.

வசந்தியுடன் கல்லூரியில் படிக்கும் பாஸ்கர் அவளுக்குக் காதல் கடிதம் கொடுக்கிறான். அவள் அதைக் கல்லூரி முதல்வரிடம் கொண்டுபோய்க் கொடுக்க, பாஸ்கர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுகிறான். ஒருவனுடைய படிப்பு தன்னால் கெட்டதே என்று வருந்தும் வசந்தி அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அந்தப் பரிவு காதலாகிறது.

பாஸ்கருக்கு வேலை கிடைக்கிறது. வசந்தியின் வீட்டிலேயே வாடகைக்குக் குடிவருகிறான். அவன் நோயில் படுக்கும்போது கீதா பணிவிடை செய்கிறாள். அதுவரை தனக்கென்று எதையும் விரும்பாத கீதாவின் மனத்தில் ஆசை துளிர்க்கிறது. அவள் அதைத் தங்கையிடமே சொல்கிறாள். தன்னைப் படிக்கவைத்த அக்காள் முதன்முதலாகக் கேட்பதை மறுக்க மனமில்லாத வசந்தி, தன் காதலை மறைத்து, கீதாவை மணந்துகொள்ளுமாறு பாஸ்கரை வற்புறுத்துகிறாள். திருமணம் நடக்கிறது.

மணமான பிறகும் பாஸ்கரால் வசந்தியை மறக்க முடியவில்லை. தாயின் மறைவுக்குப் பின் வசந்தி அக்காள் வீட்டில் வந்து தங்கும்போது நிலைமை மேலும் சிக்கலாகிறது. கீதாவின் மனத்தில் ஐயம் எழுகிறது. வசந்தி யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போகிறாள். நடந்ததெல்லாம் கீதாவுக்குத் தெரியவரும்போது அவள் உடலும் மனமும் தளர்ந்திருக்கிறாள். வசந்தியைத் தேடிக் கண்டுபிடித்துத் தன் குழந்தைக்குத் தாயாக்க வேண்டும் என்று கணவனிடம் கேட்டுக்கொண்டு இறக்கிறாள்.

பாஸ்கர் கைக்குழந்தையுடன் ஊர் ஊராகத் தேடுகிறான். வசந்தியோ வேறோர் ஊரில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே ரகு என்ற நல்ல மனிதரின் அன்புக்கு உரியவள் ஆகிறாள். முதலில் மறுத்தாலும், பின்னர் அவரை மணக்க இசைகிறாள். செய்தி அறிந்து பாஸ்கர் ஓடோடி வரும்போது தாலி கட்டி முடிந்துவிடுகிறது. தன் குழந்தையை வசந்தியிடம் கல்யாணப் பரிசாகச் சேர்ப்பித்துவிட்டு அவன் தனியே நடந்து மறைகிறான்.

நடித்தவர்கள்

ஜெமினி கணேசன் – பாஸ்கர்
பி. சரோஜாதேவி – வசந்தி
சி. ஆர். விஜயகுமாரி – கீதா
ஏ. நாகேஸ்வரராவ் – ரகு
கே. ஏ. தங்கவேலு – சம்பத்
எம். சரோஜா – மாலினி
எஸ். டி. சுப்புலட்சுமி – கீதா, வசந்தியின் தாய்

தெலுங்குத் திரையுலகின் முன்னணிக் கதாநாயகரான நாகேஸ்வரராவ், படத்தின் பிற்பகுதியில் மட்டும் வரும் பாத்திரத்தை ஏற்றார். 'நாடோடி மன்னன்' படத்தின் மூலம் முந்தைய ஆண்டில் தமிழ் ரசிகர்களுக்கு நன்கு அறிமுகமாகியிருந்த சரோஜாதேவிக்கு, நடிப்பாற்றலைக் காட்ட வாய்ப்பளித்த படம் இது. 'காதல் மன்னன்' என்று ஜெமினி கணேசனுக்கு அமைந்த பெயரை உறுதிப்படுத்திய படங்களிலும் இது ஒன்று.

காலப் பின்னணி

1958, 1959ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பெருவெற்றி பெற்ற படங்களைப் பார்த்தால் இப்படத்தின் துணிச்சல் விளங்கும். 'நாடோடி மன்னன்', 'உத்தம புத்திரன்' ஆகியவை அரண்மனைக் கதைகள். கல்யாணப் பரிசு வெளிவந்த அடுத்த மாதம் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வண்ணத்தில் வந்தது. வாள்வீச்சும் நீண்ட அடுக்குமொழி வசனமும் கைதட்டல் பெற்ற காலம் அது. எம். ஜி. ஆரோ சிவாஜி கணேசனோ இல்லாமல், வாடகை வீட்டையும் கல்லூரியையும் களமாகக் கொண்டு, அன்றைய நாளில் நடக்கும் கதையைக் கருப்பு வெள்ளையில் எடுப்பது, புதிய இயக்குநர் ஒருவருக்கு எளிதான தெரிவு அன்று.

ஸ்ரீதரின் வசனம் வீட்டில் பேசுவதைப் போன்ற சிறு சிறு வாக்கியங்களால் ஆனது. சொல்ல வேண்டியதில் பாதியை நடிகரின் முகமும், மீதியை ஏ. வின்சென்டின் ஒளிப்பதிவும் சொல்லின. பின்னாளில் மலையாளத்தில் இயக்குநராகவும் புகழ்பெற்ற வின்சென்ட், ஸ்ரீதரின் அடுத்தடுத்த படங்களிலும் பணியாற்றினார்.

முக்கோணக் காதல் கதைக்கு அக்காலச் சட்டமும் ஒரு பின்னணி. இரு பெண்கள் ஒருவனை விரும்பினால் இருவரையும் அவனுக்கே மணமுடித்துவைப்பது பழைய கதைகளில் வழக்கமான தீர்வு. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் நாடு முழுவதற்குமான 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் இருதார மணத்தைத் தடை செய்தன. எனவே, 1959இல் ஒரு சமூகப் படத்தில் பாஸ்கர் இரண்டு பெண்களில் ஒருவரைத்தான் மணக்க முடியும். ஒருவர் விலகியே ஆக வேண்டும். இக்கதையின் இறுக்கம் இங்கிருந்தே பிறக்கிறது. மனைவி இறந்தால் அவளுடைய தங்கையை மணப்பது தமிழ்க் குடும்பங்களில் ஏற்கப்பட்ட வழக்கம். கீதாவின் கடைசி வேண்டுகோளைப் பார்வையாளர்கள் இயல்பானதாக ஏற்றதற்கு அதுவே காரணம். அந்த வேண்டுகோள் நிறைவேறியிருந்தால் படம் மகிழ்ச்சியாக முடிந்திருக்கும். சில நிமிடத் தாமதத்தில் அது கைநழுவுவதுதான் பார்வையாளரை உலுக்கியது.

இசையும் பாடல்களும்

பின்னணிப் பாடகராகப் புகழ்பெற்றிருந்த ஏ. எம். ராஜா, 1958இல் 'சோபா' என்ற தெலுங்குப் படத்துக்கு இசையமைத்திருந்தார். தமிழில் அவர் இசையமைத்த முதல் படம் கல்யாணப் பரிசு. தாம் இயக்குநரானால் ராஜாவை இசையமைப்பாளராக்குவதாக ஸ்ரீதர் முன்பே வாக்களித்திருந்ததாகவும், அதன்படியே இந்த வாய்ப்பு வந்ததாகவும் திரையுலகில் கூறப்படுவதுண்டு. பாடல்களை ராஜா, பி. சுசீலா, ராஜாவின் மனைவி ஜிக்கி ஆகியோர் பாடினர். ஜெமினி கணேசனுக்கு ராஜாவின் மென்மையான குரல் எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு இப்படமே போதிய சான்று.

இப்படத்தின் பாடல்கள் கதையை நிறுத்திவைத்துவிட்டு வருபவை அல்ல. காதலர் இருவரும் மிதிவண்டியில் செல்லும்போது பாடும் பாடல், அக்காலக் கல்லூரி இளைஞர்களின் வாழ்க்கையிலிருந்து நேரே எடுத்த காட்சி. மற்றொரு பாடலில் ஒருவர் தமிழில் பாட, மற்றவர் இடையிடையே சிறு ஆங்கிலச் சொற்களால் பதில் தருவது புதுமையாக இருந்தது. தீபாவளியன்று வசந்தி உற்சாகமாகப் பாடும் பாடல், பின்னர் அதே மெட்டில் பாஸ்கரின் சோகக் குரலில் திரும்ப வருகிறது. முதல் முறை கேட்டபோது இருந்த மத்தாப்பு வெளிச்சம் நினைவில் இருப்பதால்தான் இரண்டாம் முறை மனம் கனக்கிறது. காதலில் தோற்றவரின் புலம்பலாக வரும் பாடலும் பெண்குரலில் ஒன்றும் ஆண்குரலில் ஒன்றுமாக இரண்டு வடிவம் கொண்டது. இழப்பு இருவருக்கும் சமம் என்பதை வசனம் இல்லாமலே இது உணர்த்துகிறது.

எல்லாப் பாடல்களையும் எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். உழவரையும் தொழிலாளரையும் பாடிய பொதுவுடைமைக் கவிஞராகவே அவர் பெரிதும் அறியப்பட்டவர். காதலையும் அதே எளிய சொற்களால் எழுத முடியும் என்பதை இப்படம் காட்டியது. ஸ்ரீதர் நெடுநேரம் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, கவிஞர் அதை இரண்டே வரிகளில் சுருக்கிச் சொன்னார் என்றும், அவ்வரிகளே ஒரு பாடலின் தொடக்கமாக அமைந்தன என்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. படம் வெளிவந்து ஆறு மாதம் முடிவதற்குள், 1959 அக்டோபர் 8 அன்று, 29ஆம் வயதில் அவர் காலமானார். இளம் இயக்குநர், புதிய இசையமைப்பாளர், இளம் கவிஞர் என்று அமைந்த இக்கூட்டணி நீண்டகாலம் நீடிக்க முடியாமல் போனது.

'விடிவெள்ளி', 'தேன் நிலவு' ஆகிய படங்களிலும் ஸ்ரீதருடன் ராஜா பணியாற்றினார். 1962இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்துக்கு விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்தனர். ராஜா 1989 ஏப்ரலில் வள்ளியூர் ரயில் நிலையத்தில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார்.

மன்னார் அண்டு கம்பெனி

பாஸ்கரின் நண்பன் சம்பத்துக்கு வேலை கிடையாது. மனைவி மாலினியிடமும் மாமனாரிடமும் 'மன்னார் அண்டு கம்பெனி'யில் மேனேஜராக இருப்பதாகப் பொய் சொல்லி, நாள்தோறும் அலுவலகம் போவதுபோல் புறப்படுகிறான். அது போதாதென்று 'எழுத்தாளர் பைரவன்' என்பவரும் தானே என்று இன்னொரு பொய்யைச் சேர்த்துக்கொள்கிறான். ஒரு பொய்யைக் காக்க மற்றொரு பொய், அதைக் காக்க இன்னொன்று என்று வளர்ந்துகொண்டே போகும் இக்காட்சிகளில் தங்கவேலுவும் எம். சரோஜாவும் நடித்தனர். இருவரும் சொந்த வாழ்விலும் கணவன் மனைவி ஆனவர்கள். ஸ்ரீதரின் செங்கல்பட்டு நண்பரான கோபு இந்த நகைச்சுவைப் பகுதியில் துணை நின்றார்.

இல்லாத நிறுவனத்தையோ, சொல்லிக்கொள்ளும்படியான வேலை இல்லாதவரையோ குறிக்க 'மன்னார் அண்டு கம்பெனி' என்று சொல்வது தமிழ்நாட்டில் வழக்கானது. படத்தைப் பார்க்காதவர்களும் பயன்படுத்தும் அளவுக்கு அத்தொடர் பேச்சுமொழியில் கலந்துவிட்டது.

இப்பகுதி முதன்மைக் கதையுடன் ஒட்டாத தனித் துணுக்கு அன்று என்பதும் கவனிக்கத்தக்கது. இரண்டு வீடுகளிலும் ஓர் உண்மை மறைக்கப்படுகிறது. சம்பத் தன்னைப் பெரியவனாகக் காட்ட மறைக்கிறான். வசந்தி தன்னைச் சிறியவளாக்கிக்கொள்ள மறைக்கிறாள். முதல் பொய் அம்பலமாகும்போது அரங்கம் சிரிக்கிறது. இரண்டாவது அம்பலமாகும்போது ஓர் உயிர் போகிறது.

வரவேற்பும் மறுஆக்கங்களும்

படம் பல ஊர்களில் 25 வாரங்களைக் கடந்து ஓடி வெள்ளி விழாக் கொண்டாடியது. 7ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழும் பெற்றது.

1960இல் 'பெள்ளி கானுக' என்ற பெயரில் ஸ்ரீதரே இதைத் தெலுங்கில் இயக்கினார். தமிழில் ரகுவாக நடித்த நாகேஸ்வரராவ் அதில் கதாநாயகன் ஆனார். வசந்தியாகச் சரோஜாதேவியே நடிக்க, கிருஷ்ணகுமாரி அக்காளாகவும் ஜக்கையா ரகுவாகவும் நடித்தனர். ஏ. எம். ராஜாவே இசையமைத்தார்.

1961இல் 'நஸ்ரானா' என்ற பெயரில் இந்தியில் வந்த படத்தையும் ஸ்ரீதர் இயக்கினார். ராஜ் கபூர், வைஜெயந்திமாலா, உஷா கிரண் ஆகியோர் முதன்மைப் பாத்திரங்களில் நடிக்க, ஜெமினி கணேசனும் அதில் தோன்றினார். இப்படத்துக்காகச் சிறந்த கதைக்கான பிலிம்பேர் விருது ஸ்ரீதருக்குக் கிடைத்தது. மூன்று தலைப்புகளும் பரிசு என்ற ஒரே கருத்தையே தாங்கியுள்ளன.

தியாகம் பற்றிய விவாதம்

வெளிவந்த காலத்தில் வசந்தியின் தியாகம் பெரிதும் போற்றப்பட்டது. அக்காளுக்காகத் தங்கையும், தங்கைக்காக அக்காளும் விட்டுக்கொடுப்பதைப் பெண்மையின் சிறப்பாகக் கருதிய காலம் அது. பிற்காலப் பார்வையாளர்களிடம் வேறு கேள்விகள் எழுகின்றன.

முதலாவது கேள்வி கீதாவைப் பற்றியது. பாஸ்கரும் தங்கையும் விரும்புகிறார்கள் என்று தெரிந்திருந்தால் அவள் அவனை மணந்திருப்பாளா? தங்கையின் படிப்புக்காகத் தன் திருமணத்தையே தள்ளிவைத்தவள் அவள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவளே விலகியிருப்பாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்காக என்று செய்யப்பட்டதில் மிகுதியாக இழந்தவள் அவள்தான். அன்பில்லாத மணவாழ்க்கையை அவள் காரணம் தெரியாமலே அனுபவிக்கிறாள்.

இரண்டாவது, பாஸ்கரைப் பற்றியது. அவன் காதலை அவனைக் கேட்காமலே வசந்தி இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கிறாள். அவனும் எதிர்த்து நிற்காமல் பணிகிறான். மணந்த பின் மனைவிக்கு உண்மையாக இருக்கவும் அவனால் முடியவில்லை.

மூன்றாவது, குழந்தையைப் பற்றியது. தாயை இழந்த குழந்தையைத் தந்தையும் விட்டுச் செல்வதை எந்த அளவுக்குத் தியாகம் எனலாம்? புதுமணத் தம்பதியின் விருப்பத்தைக் கேட்டறிய அவன் காத்திருப்பதில்லை.

இக்கேள்விகளை எழுப்பும் அளவுக்குப் பாத்திரங்களை உயிருள்ளவர்களாகப் படைத்ததே படத்தின் வலிமை. இக்கதையில் வில்லன் இல்லை. அனைவரும் நல்லவர்கள். ஒருவரும் வாய்திறந்து பேசாததால் எல்லோரும் துன்பப்படுகிறார்கள். கூட்டுக் குடும்பங்களில் அக்காலத்தில் பேசப்படாமல் கிடந்த எத்தனையோ உண்மைகளைப் பார்வையாளர்கள் இதில் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

பிற்காலத் தாக்கம்

இப்படத்தின் வெற்றிக்குப் பின் ஸ்ரீதர் 'சித்ராலயா' நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் படமான 'தேன் நிலவு' 1961இல் வந்தது. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் மீண்டும் முக்கோணக் கதையையே எடுத்துக்கொண்டார். மருத்துவமனை ஒன்றுக்குள், கணவனுக்கும் பழைய காதலனுக்கும் இடையே நிற்கும் பெண்ணின் கதை அது. 1964இல் கோபுவுடன் சேர்ந்து எழுதிய 'காதலிக்க நேரமில்லை' நேர்மாறான முழுநீள நகைச்சுவைப் படமாக அமைந்தது. 1978இல் 'இளமை ஊஞ்சலாடுகிறது' வழியாக அடுத்த தலைமுறை நடிகர்களுடனும் அவர் முக்கோணக் காதலைச் சொன்னார். அவர் இயக்கிய கடைசிப் படம் 1991இல் வந்த 'தந்துவிட்டேன் என்னை'. 2008 அக்டோபர் 20 அன்று சென்னையில் காலமானார்.

படத்தின் பெயரைச் சொன்னதும் ராஜாவின் குரலும், தங்கவேலுவின் மன்னார் அண்டு கம்பெனியும், குழந்தையைக் கொடுத்துவிட்டு நடந்துபோகும் பாஸ்கரும் நினைவுக்கு வருகின்றனர். செங்கல்பட்டுப் பள்ளி நாட்களில் நாடகம் எழுதிப் பழகிய இரு நண்பர்கள், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் பேசும் ஒரு கதையைத் திரையில் தந்தனர் என்பது செங்கல்பட்டு வட்டாரத்துக்கு உரிய பெருமையாகும்.